லாக்டெப்: சவுண்ட் டிரைவர் சிபியுவை உறைய வைக்கும்போது

பாட்டின் கடைசித் துணுக்கே திரும்பத் திரும்ப ஒலிக்கிறது, மவுஸ் அசையவில்லை. டிஎம்ஏ (சிபியு தலையிடாமல் நினைவகத்திலிருந்து ஒலியைக் கார்டுக்குக் கொண்டுபோகும் வழி) பழைய பஃபரையே சுற்றிக்கொண்டிருக்கிறது, சிபியு எங்கோ லாக்கில் (ஒரே தரவை இருவர் ஒரே நேரத்தில் தொடாமல் தடுக்கும் பூட்டில்) மாட்டிவிட்டது என்று பொருள். லினக்ஸில் இந்த வகைப் பிழைக்கு, லாக்குகள் எடுக்கப்படும் வரிசையைக் கண்காணிக்கும் லாக்டெப்பைவிட நல்ல கருவி இல்லை. 2006-இல் 2.6.18 கெர்னலோடு வந்தது. கான்ஃபிக்கில் 'புரூவ் லாக்கிங்' தேர்வை இயக்கி கெர்னலைக் கட்டினால் போதும்.

ஆல்சா (லினக்ஸின் சவுண்ட் அமைப்பு) டிரைவர்களில் வழக்கமாகக் காணும் தவறு: இன்டரப்ட் ஹேண்ட்லர் (சிப் குறுக்கிட்டு அழைத்ததும் ஓடும் ஃபங்ஷன்), சிப்பின் ஸ்பின்லாக்கை (கிடைக்கும்வரை சிபியு சுற்றிக்கொண்டே காத்திருக்கும் லாக்) விடாமலே, பஃபரின் ஒரு துண்டு முடிந்ததைச் சொல்லும் பீரியட் எலாப்ஸ்டு ஃபங்ஷனை அழைக்கிறது. அது ஒலி ஓட்டத்துக்கான பிசிஎம் ஸ்ட்ரீம் லாக்கை எடுக்கும். அந்த நேரம் பார்த்து எக்ஸ்ரன் (தரவு நேரத்துக்கு வராமல் பஃபர் தீர்ந்துபோவது) ஆகியிருந்தால், ஓட்டத்தை நிறுத்த டிரைவரின் டிரிகரை (ஓட்டத்தைத் தொடங்கவும் நிறுத்தவும் உள்ள ஃபங்ஷன்) அங்கிருந்தே கூப்பிடும். டிரிகர் மறுபடி அதே சிப் லாக்கைக் கேட்கும். அவ்வளவுதான், சிபியு தனக்காகத் தானே காத்துக் கிடக்கும். இன்டரப்ட் மூடியிருப்பதால் சிபியு மாட்டிக்கொண்டதைச் சொல்லும் 20 விநாடி சாஃப்ட் லாக்கப் எச்சரிக்கை அந்த சிபியுவிலிருந்து வராது. என்எம்ஐ (மூட முடியாத இன்டரப்ட்) வாட்ச்டாக் போன்ற ஒன்று இருந்தால்தான் சுமார் 10 விநாடியில் ஹார்டு லாக்கப் செய்தி கிடைக்கும்.

லாக்டெப்பின் அருமை இங்கேதான். உறைய எக்ஸ்ரன் வேண்டும், லாக்டெப்புக்கு அதுகூட வேண்டாம். ஒரு வேவ் ஃபைலை ஓட்டுங்கள். தொடங்கும்போது ஸ்ட்ரீம் லாக்குக்குள் சிப் லாக், முதல் பீரியட் இன்டரப்டில் சிப் லாக்குக்குள் ஸ்ட்ரீம் லாக். இந்த முரணைக் கண்டதுமே இரண்டு பாதைகளின் கால் டிரேஸையும் (ஃபங்ஷன் அழைப்பு வரிசை) கெர்னல் செய்திப் பதிவான டிமெசெக்கில் கொட்டிவிடும்.

திருத்தம் சின்னது. ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரைப் படித்து, சிப் லாக்கை விட்டுவிட்டு, பிறகு பீரியட் எலாப்ஸ்டை அழையுங்கள். டிரிகருக்குள் சாதாரண ஸ்பின்லாக்கே போதும். ஐஆர்க்யூ வகை அன்லாக் போட்டால் ஸ்ட்ரீம் லாக் பிடித்திருக்கும்போதே இன்டரப்ட் திறந்துகொள்ளும். இன்டரப்ட் முடியக் காத்திருக்கும் வேலை டிரிகரில் வேண்டவே வேண்டாம், ஓட்டம் நின்றபின் அழைக்கப்படும் சிங்க்-ஸ்டாப்பில் வையுங்கள். சரிபார்க்க, சவுண்ட் சர்வர் இடையில் இல்லாமல் ஹார்டுவேர் டிவைஸிலேயே ஏபிளேயை (ஒலி ஃபைலை இயக்கும் கட்டளை) ஓட்டி, அதற்கு ஸ்டாப் சிக்னல் அனுப்புங்கள். எக்ஸ்ரன் தானாக வரும்.

குறைகளும் உண்டு. ஒரு புகார் சொன்னதும் லாக்டெப் தன்னை அணைத்துக்கொள்ளும். பூட் ஆகும்போது வேறு டிரைவர் தவறு செய்திருந்தால் உங்கள் பிழைக்கு மவுனம்தான். ப்ராக் ஃபோல்டரில் லாக்டெப் ஸ்டாட்ஸ் ஃபைலைத் திறந்து, டீபக் லாக்ஸ் 1 என்று இருக்கிறதா என முதலில் பாருங்கள். வேகமும் குறையும், லேட்டன்சியை (தாமதத்தை) இந்தக் கெர்னலில் அளக்காதீர்கள். சிப் வேலையில் இருப்பதைக் காட்டும் பிஸி பிட் அணையும்வரை ரெஜிஸ்டரைப் படிக்கும் முடிவற்ற லூப் இதன் கண்ணில் படவே படாது. கார்டைப் பிடுங்கினால் எல்லா பிட்டும் 1 ஆகவே வரும், லூப் முடியாது. அங்கே கால வரம்பும், அந்த மதிப்பு வந்தால் வெளியேறும் சோதனையும் கையால்தான் எழுத வேண்டும்.