மூன்று வண்ண வாராந்திர நிலை அறிக்கை: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

மென்பொருள் திட்டங்களில் வாடிக்கையாளருக்கும் மேலிடத்துக்கும் வாரந்தோறும் அனுப்பும் நிலை அறிக்கையைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்னும் மூன்று வண்ண முறையில் பல ஆண்டுகளாக எழுதி வருகிறேன். முழுதாகப் படிக்க நேரமில்லாதவருக்கும் எங்கே சிக்கல் என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். ஆனால் எந்த நிலைக்கு எந்த வண்ணம் என்று முன்கூட்டியே பேசி வைக்காவிட்டால் எல்லாமே பச்சையாகிவிடும். வெளியே பச்சையும் உள்ளே சிவப்புமான இவற்றைத் தர்ப்பூசணி அறிக்கை என்று துறையில் கேலி செய்வதுண்டு.

2006-இல் ஆலன் முலாலி ஃபோர்டு நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அவ்வாண்டு 1,200 கோடி டாலருக்கும் மேல் நட்டம் கண்ட அந்நிறுவனத்தில், வாராந்திர ஆய்வுக் கூட்டத்துக்கு வந்த அறிக்கைகள் யாவும் பச்சையாகவே இருந்தன. எட்ஜ் வண்டியின் பின்கதவுக் கோளாறு காரணமாக அதன் வெளியீட்டை நிறுத்தி, அந்நிறுவனத்தின் மூத்த அதிகாரி மார்க் ஃபீல்ட்ஸ் முதன்முதலாகச் சிவப்பைக் காட்டியபோது முலாலி கைதட்டினார். சிவப்பு காட்டியவருக்கு என்ன நேர்கிறது என்று பார்த்துத்தான் மற்றவர்கள் வண்ணம் தீட்டுகிறார்கள். நான் பணியாற்றிய ஓரிடத்தில், சிவப்பு போட்டால் மறுநாளே விளக்கக் கூட்டம் என்றிருந்ததால், சிக்கல் எதுவாயினும் மஞ்சளோடு நின்றுவிடும்.

எனக்குப் பயன்பட்ட வரையறை எளியது. ஒப்புக்கொண்ட தேதியில் முடியுமானால் பச்சை. தேதி தள்ளக்கூடும், ஆனால் குழுவே சமாளித்துவிடும் என்றால் மஞ்சள். மேலே உள்ள ஒருவர் முடிவெடுத்தாலன்றி வேலை நகராது என்றால் சிவப்பு. இப்படி வகுத்த பிறகு சிவப்பு என்பது குற்ற ஒப்புதலாக இல்லாமல் உதவி கோரும் விண்ணப்பமாகவே படிக்கப்பட்டது.

வண்ணத்துக்குக் கீழே எழுதும் வரிதான் உண்மையில் வேலை செய்கிறது. “கட்டண இணைப்பு 90 விழுக்காடு முடிந்தது” என்ற வரியைக் கொண்டு எவராலும் எதையும் தீர்மானிக்க இயலாது. மீதிப் பத்து எவ்வளவு நாள் இழுக்கும் என்பது அதில் இல்லை. “12 சோதனைகளில் 9 தேறிவிட்டன, மற்ற மூன்றுக்கும் வங்கியின் சான்றிதழ் வேண்டும், வியாழன் மாலைக்குள் அது வராவிட்டால் வெளியீடு ஒரு வாரம் தள்ளும், நிதிப்பிரிவுத் தலைவர் வங்கியிடம் பேச வேண்டுகிறோம்” என்று எழுதினால், யார், எதை, எப்போதுக்குள் செய்ய வேண்டும் என்பது விளங்கிவிடுகிறது. இத்தகைய வரிகளுக்கே விரைவாகப் பதில் வருகிறது.

குறைகளும் உண்டு. நிதிப்பிரிவுக்குச் செலவும் தேதியும் போதும், தொழில்நுட்பக் குழுவுக்கோ காரணம் வேண்டும். ஒரே அறிக்கை இருவரையும் நிறைவு செய்வதில்லை என்பதால், விவரங்களைப் பின்னிணைப்பாகவே அனுப்புகிறேன். பணிகளைப் பதிந்து பின்தொடர உதவும் ஜிரா என்னும் மென்பொருள் தானாகத் தயாரிக்கும் அறிக்கையையும் சில காலம் மாற்றாக முயன்றேன். முடிந்த பணிகளை அது பிழையின்றி எண்ணிக் கொடுத்தது. யாருடைய முடிவுக்காக வேலை காத்திருக்கிறது என்பதை மட்டும் ஒவ்வொரு வாரமும் நானே எழுத வேண்டியிருந்தது.