பழைய காரை அப்கிரேடு செய்யக் கொடுக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

பழைய காரைத் தினமும் ஓட்டத் தோதாக மாற்றித் தருகிறோம் என்று சொன்ன ஒரு பட்டறை என்னை எப்படி ஏமாற்றியது என்பதுதான் இந்தப் பதிவு. பட்டறையின் பெயரைச் சொல்லப் போவதில்லை, விவகாரம் இன்னும் முடியவில்லை. எப்படி ஏமாற்றினார்கள் என்று தெரிந்தால் வேறு எங்கே வண்டியைக் கொடுத்தாலும் உங்களுக்கு உதவும்.

வண்டி 1965 மாடல் மோரிஸ் மைனர், 1098 சிசி. நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், மின்சாரம் தர டைனமோ, பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனையை வண்டியின் உடலோடு இணைப்பது). விடுமுறை நாளில் மட்டும் வெளியே எடுப்பதென்றால் இதில் எதையும் தொட வேண்டாம். தினசரி நெரிசலிலும் மழையிலும் இரவிலும் ஓட்ட வேண்டுமென்றால் சிலவற்றை மாற்றித்தான் ஆக வேண்டும். முன்பக்கம் டிஸ்க் பிரேக், டைனமோவுக்குப் பதிலாக ஆல்டர்நேட்டர், ஈயமில்லாத பெட்ரோலைத் தாங்கும் வால்வ் சீட் (வால்வ் மூடும்போது உட்காரும் வளையம்), புது ரேடியல் டயர், அடியில் முழுக்க கிரீஸ் என்று எழுதிக் கொடுத்தேன். ஸ்பார்க் வரவைக்கும் பழைய பாயிண்டுக்குப் பதிலாக எலக்ட்ரானிக் இக்னிஷனும் போட்டார்கள். மொத்த வேலையில் அது ஒன்றுதான் உருப்படி. (அதற்கும்கூடப் பழைய பாயிண்ட், கண்டென்சரை வண்டியிலேயே வைத்திருக்கிறேன். எலக்ட்ரானிக் மாடியூல் போய்விட்டால் வழியில் வைத்து அதை ஒன்றும் செய்ய முடியாது.)

டெலிவரி எடுத்த அன்று வண்டி பளபளவென்று இருந்தது. பானெட்டைத் திறந்தால் புது ஆல்டர்நேட்டர், சக்கரத்துக்குள் எட்டிப் பார்த்தால் புது டிஸ்க். ஆனால் ஆக்சிலரேட்டரை விட்டால் வண்டி உருளாமல் யாரோ பிடித்து இழுப்பது போல நின்றது. போன் செய்தேன். "புது பேட், பழகிவிடும் சார்" என்றார்கள். பெட்ரோல் அதிகம் குடிக்கிறது என்றேன். "பழைய வண்டி சார், அப்படித்தான்." அதற்கப்புறம் நான் என்ன சொன்னாலும் அதே பதில்தான். பழைய வண்டியின் கோளாறுக்கும் காரணம் உண்டு, அதைக் கண்டுபிடிக்கத்தான் அவர்களுக்குக் காசு கொடுக்கிறோம்.

ஒரு நீண்ட இறக்கத்தில் பிரேக் பெடல் சட்டென்று மெத்தென்று உள்ளே போனது. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து ஒருவழியாக ஓரங்கட்டினேன். முன் சக்கரத்தின் அருகே கையைக் கொண்டுபோக முடியாத அளவுக்குச் சூடு.

வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். முதலில் கொஞ்ச தூரம் ஓட்டி வந்தார், அப்புறம் முன்பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கினார். சக்கரத்தை இரண்டு கையாலும் திருகினார், அசையவில்லை. பேட்டை டிஸ்கின் மேல் அழுத்தும் காலிபரில் ஏர் எடுக்கும் நிப்பிளை லேசாகத் தளர்த்தினார். பிரேக் ஆயில் சீறிக்கொண்டு கொஞ்சம் வெளியே வந்தது, சக்கரம் விட்டுவிட்டது. ஒரு விரலால் தள்ளினாலே சுற்றியது. "காலிபர் நன்றாகத்தான் இருக்கிறது, பிரஷர் திரும்பிப் போக வழியில்லை" என்றார்.

விஷயம் இதுதான். பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைக் குழாயில் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர். டிரம் பிரேக்குக்கான மாஸ்டர் சிலிண்டருக்குள் ஒரு சிறு வால்வ் இருக்கும். பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் குழாயில் கொஞ்சம் அழுத்தத்தை அது பிடித்து வைத்திருக்கும். டிரம்மில் ஷூவைப் பின்னுக்கு இழுக்க வலுவான ஸ்பிரிங் இருப்பதால் அந்த அழுத்தம் ஒன்றும் செய்யாது. டிஸ்கில் அப்படி ஸ்பிரிங் கிடையாது, பேட் டிஸ்கை உரசிக்கொண்டே இருக்கும். அதனால் டிஸ்க் போடும்போது அந்த வால்வை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் டிஸ்குக்கான மாஸ்டர் சிலிண்டரை மாட்ட வேண்டும். மைனரில் மாஸ்டர் சிலிண்டர் டிரைவர் காலடியில், தரைக்கு அடியில் சேஸிஸோடு இருக்கிறது. கழற்றுவது சள்ளை பிடித்த வேலை. பில்லில் "புது மாஸ்டர் சிலிண்டர்" என்று இருந்தது. வண்டியில் இருந்தது துருப்பிடித்த பழையது. உள்ளே இருந்த ஆயிலும் கருத்த பழைய ஆயில். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் ஏறினால் 155-க்கே கொதிக்கலாம். கொதித்தால் குழாயில் ஆவி, ஆவி இருந்தால் பெடல் உள்ளே போகும். அந்த இறக்கத்தில் நடந்தது அதுதான்.

இதைப் பார்த்த பிறகு பில்லை வரிவரியாகச் சரிபார்த்தோம்.

மைனரின் பழைய டைனமோ தருவது 22 ஆம்பியர். புது ஆல்டர்நேட்டர் 40-க்கு மேல் தரும். ஆனால் அதிலிருந்து வரும் வயர் அதே பழைய மெல்லிய வயர். முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள், ஃபியூஸ் இல்லை. டேப்பைப் பிரித்தால் இன்சுலேஷன் இளகி விரலில் ஒட்டியது. மழை இரவில் ஹெட்லைட், வைப்பர், ஹீட்டர் மூன்றும் ஓடும்போது வந்த நாற்றம் அங்கிருந்துதான் கிளம்பியது. எர்த்தை நெகட்டிவுக்கு மாற்றியவர்கள் இக்னிஷன் காயிலின் இரண்டு வயர்களை இடம் மாற்றவில்லை. அப்படி விட்டால் வண்டி ஓடும், ஸ்பார்க் மட்டும் பலவீனமாக இருக்கும்.

டயர் விஷயம் அற்பத்தனம். டயரின் பக்கவாட்டில் DOT என்ற எழுத்துகளோடு தொடங்கும் குறியீட்டின் கடைசி நாலு இலக்கம் தயாரித்த வாரமும் வருடமும். 2316 என்றால் 2016-இன் 23-ஆவது வாரம். பல டயர்களில் இது ஒரு பக்கம் மட்டுமே முழுதாக இருக்கும். எனக்கு மாட்டிய நாலிலும் அந்தப் பக்கம் உள்ளே பார்த்திருந்தது. கழற்றிப் பார்த்தால் எல்லாம் வருடக்கணக்கில் கிடந்த சரக்கு.

கிரீஸ் அடித்ததாகச் சொன்ன நிப்பிள்களின் மேல் மண் காய்ந்து கெட்டியாகியிருந்தது. நகத்தால் சுரண்டித்தான் நிப்பிளையே கண்டுபிடித்தோம். புதிதாக அடித்திருந்தால் ஓரத்தில் கிரீஸ் பிதுங்கியிருக்கும். மைனரில் முன் சஸ்பென்ஷனின் கீழ்ப்பக்க இணைப்பான டிரனியன் கிரீஸ் இல்லாமல் தேய்ந்தால் ஒருநாள் சக்கரமே மடிந்துவிடும். சில நிமிட வேலையில் இப்படி ஒரு கஞ்சத்தனம்!

பெரிய தொகை போனது வால்வ் சீட்டுக்கு. ஹெட்டை (இன்ஜினின் மேல்பகுதி) இறக்கி, கடைசலுக்கு அனுப்பி, கடினமான சீட் பதித்ததாக பில். ஆனால் ஹெட்டும் பிளாக்கும் சேரும் இடத்தின் மேல் பழைய பச்சைப் பெயின்ட் விரிசலே இல்லாமல் ஓடியது. "வேலை முடித்துப் பெயின்ட் அடித்தோம்" என்று சாதித்தார்கள். அந்தப் பெயின்ட் மேல் ஆயில் வழிந்து தீய்ந்த கறை பல வருடத்தியது. ஹெட் இறக்கிய வண்டியைக் கொஞ்சம் ஓடியதும் வரச்சொல்லி நட்டுகளை மறுபடி டைட் வைப்பார்கள். என்னை அழைக்கவே இல்லை. பழைய பாகங்களைக் கேட்டேன், காயலான் கடைக்குப் போட்டுவிட்டார்களாம்.

ஆகவே கொடுக்கும்போதே கழற்றும் ஒவ்வொரு பாகமும் எனக்குத் திரும்ப வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். ஹெட் வேலை என்றால் சீட் பதித்த நிலையில் படமும் கடைசல் பட்டறையின் பில்லும் கேளுங்கள். ஒழுங்காக வேலை செய்பவர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

பிரேக்கும் வயரிங்கும் புது மெக்கானிக் சரிசெய்துவிட்டார். ஒரு பகுதிப் பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்ன பட்டறைக்காரர்கள் இப்போது போன் எடுப்பதில்லை. நுகர்வோர் புகாருக்கு ஹெட்டே சாட்சி என்பதால் அதை இன்னும் இறக்கவில்லை. அதுவரை வேகமாக ஓட்டுவதில்லை, வால்வ் இடைவெளியை அவ்வப்போது அளந்து குறித்து வைக்கிறேன். இடைவெளி குறைந்துகொண்டே வந்தால் சீட் தேய்கிறது என்று அர்த்தம்.