புல்வெளி மீட்புக்கான விதைப்புக் கருவி: வாங்கலாமா?

கன்சாஸின் சிமரோன் தேசியப் புல்வெளி, 1930களின் புழுதிப் புயலில் பாழான உழவு நிலத்தை அரசு வாங்கி மீட்டது. 1954 முதல் அமெரிக்க வனத்துறை பராமரிக்கிறது. அந்த மாதிரி வறண்ட மண்ணில் நாட்டுப்புல் விதைக்க, பஞ்சுபோல் சுணை ஒட்டிய புல்விதைக்குத் தனிப் பெட்டி உள்ள கருவிதான் சரி.

கோதுமை விதைக்கும் கருவியில் லிட்டில் புளூஸ்டெம் என்ற நாட்டுப்புல்லின் விதை சுணையோடு பின்னிக் குழாயை அடைத்துவிடும்; வரிசை வெறுமையாகக் கிடப்பது பிறகுதான் தெரியும். தனிப் பெட்டிக் கருவியில், பெட்டிக்குள் சுழலும் கிளறி அதைத் தடுக்கிறது. விதை விழும் ஆழத்தைக் கட்டுப்படுத்தும் ஆழக்கட்டுப் பட்டை அருமை: கால் முதல் அரை அங்குலம். அதற்குக் கீழே விழுந்த புளூ கிராமா புல்விதை முளைத்து மேலே வருவது கடினம். மண் பொலபொலவென்று இருந்தால் பட்டையும் உதவாது. விதைக்கும் முன் மண்ணை மிதித்தால் பூட்ஸ் குதிகால் லேசாகத்தான் பதிய வேண்டும். முந்தைய ஆண்டுச் சோளத்தட்டைக்கு நடுவே விதைத்தால் காற்றும் மண்ணை அள்ளாது.

விதை மூட்டையின் எடையை நம்பாதீர்கள். தூய்மை 60%, முளைப்பு 70% என்றால் உயிருள்ள விதை 42%தான். 1 கிலோ உயிருள்ள விதைக்கு 2.4 கிலோ மூட்டை விதை வாங்க வேண்டும்.