தாழ்ச்சியடையேன், குறையில்லை: கூடி வாசிக்க எந்த வேதாகமம்?

பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் வியாழக்கிழமை மாலைகளில் வேதாகமம் வாசிக்க ஒன்பது பேர் கூடுகிறோம். தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள் ஐந்து பேர், கத்தோலிக்கர் இருவர், பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிற ஒரு கணவனும் மனைவியும். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். தையற்காரர் ஒருவர், செவிலியர் ஒருவர். எண்பதை நெருங்கும் பெரியம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. கேட்டுக் கேட்டே சங்கீதங்களில் பாதியை மனப்பாடமாக வைத்திருக்கிறார். இறையியல் படித்தவர் எங்களில் ஒருவரும் இல்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய அன்றே வந்த கேள்வி, எந்த மொழிபெயர்ப்பை நடுவில் வைத்து வாசிப்பது என்பது.

எங்கள் முன் இருந்தவை இரண்டு. ஒன்று, சீர்திருத்தச் சபையார் (புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்கள்) வீடுகளில் எல்லாம் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பு. ஹென்றி பவர் தலைமையில் திருத்தப்பட்டு 1871-இல் முழுமையாக வெளிவந்தது. மற்றொன்று, கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து உருவாக்கி 1995-இல் வெளியான பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம். எளிய நடையில் சிறு சிறு வாக்கியங்களாக அமைந்த பதிப்பு ஒன்றையும் மாற்கு நற்செய்திக்கு மட்டும் இரண்டு மாதம் எடுத்துப் பார்த்தோம். கதைப் பகுதிகளுக்கு அது நன்றாகவே இருந்தது. அதற்கு மேல் தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு அதனோடு எனக்குப் பழக்கம் இல்லை.

நாங்கள் தேர்ந்தெடுத்தது பொது மொழிபெயர்ப்பை. நான் பழையதில் பிறந்து வளர்ந்தவள். என் திருமணத்திலும் என் தந்தையின் அடக்க ஆராதனையிலும் ஒலித்தது அதன் தமிழ்தான். அதை விட்டு விலக எனக்கு எளிதாக இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விலை, எழுத்தின் அளவு, கட்டு ஆகியவற்றில் சொல்லத்தக்க வேறுபாடு எனக்குப் படவில்லை. கத்தோலிக்கர் ஏற்கும், சீர்திருத்தச் சபையார் தங்கள் வேதாகமத்தில் சேர்க்காத இணைத்திருமுறை நூல்கள் திருவிவிலியத்தில் இருப்பது சிலருக்குத் தயக்கம் தரலாம். தோபித்தையோ சீராக்கையோ வாசிக்க விருப்பமில்லாதவர் அந்தப் பக்கங்களைத் திறக்க வேண்டியதில்லை. மனப்பாடம் செய்வதற்குப் பழையதுதான் மேல், அதில் இரு கருத்து இல்லை. கீர்த்தனைகளும் வாக்குத்தத்த அட்டைகளும் பிரசங்கங்களும் அதன் சொற்களால் ஆனவை. பொது மொழிபெயர்ப்பில் ஒரு வசனத்தைச் சொன்னால் எங்கள் சபையில் பாதிப்பேருக்கு அது வசனம் என்றே தெரியாது.

எங்களுக்கு முடிவைச் சொன்னது ஒரே ஒரு சோதனை. ஒரு பகுதியை இரண்டு முறை உரக்க வாசிப்போம். பிறகு புத்தகத்தை மூடிவிடுவோம். யாரும் விளக்கம் சொல்வதற்கு முன்னால், ஒவ்வொருவரும் கேட்டதைத் தம் வீட்டுப் பேச்சில் திருப்பிச் சொல்ல வேண்டும். பெரியம்மாவும் சொல்வார், தமிழாசிரியரும் சொல்வார். செவிலியர் அதை ஒரு நோட்டில் எழுதி வைப்பார். முதல் ஆறு மாதம் ஒரு வாரம் பழையது, மறுவாரம் புதியது என்று மாற்றி மாற்றி வாசித்தோம்.

பலரும் நினைப்பது, ஒரே வேதாகமத்தை எல்லோரும் படித்தால் ஒரே பொருள் கிடைத்துவிடும் என்று. தமிழ்நாட்டுச் சீர்திருத்தச் சபைகளே அதற்கு மறுப்பு. எங்கள் ஊர்த் தென்னிந்தியத் திருச்சபைக் கோயிலிலும் பெந்தெகொஸ்தே சபையிலும் பெரும்பாலும் திறக்கப்படுவது அதே 1871-ஆம் ஆண்டின் மொழிபெயர்ப்புத்தான். வசனம் ஒன்று, எழுத்து ஒன்று, காற்புள்ளிகூட ஒன்று. ஆனாலும் கேட்டவர் மனதில் பதிவது ஒன்றாக இல்லை. ஏன் என்பதை அந்த நோட்டு எங்களுக்குக் காட்டியது.

சங்கீதம் 23-இல்தான் முதல் அடி விழுந்தது. 'கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்.' தமிழ்க் கிறிஸ்தவக் குழந்தைகள் பள்ளிக்குப் போகும் முன்பே கற்றுக்கொள்ளும் வரி. அதை யாராவது திருப்பிச் சொல்லவும் வேண்டுமா என்று எனக்கே தோன்றியது. பெரியம்மா சொன்னார்: 'நான் யாருக்கு முன்னாலும் தலைகுனிந்து போக மாட்டேன் என்று தாவீது சொல்கிறார்.' தையற்காரரும் அதையே சொன்னார். கத்தோலிக்க வீட்டிலிருந்து வந்த மருமகள் தயங்கித் தயங்கி, 'தாழ்ச்சி நல்ல குணமல்லவா, அது தனக்கு வராது என்று ஏன் சொல்கிறார்?' என்று கேட்டார். அவர்கள் மறைக்கல்வியில் தாழ்ச்சி என்பது பணிவு. தமிழாசிரியர் ஒருவர் மட்டுமே, எனக்கு ஒன்றும் குறைவுபடாது என்ற பொருளைச் சொன்னார். மறுவாரம் பொது மொழிபெயர்ப்பை வாசித்தோம்: 'ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை.' ஒன்பது பேரும் ஒன்றையே சொன்னார்கள்.

இதில் பழைய மொழிபெயர்ப்பாளர்களைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவர்கள் காலத்தில் அந்தச் சொல் குறைவு என்ற பொருளையும் தாங்கி நின்றது. சொல் நகர்ந்துவிட்டது, வசனம் அதே இடத்தில் நிற்கிறது.

அதன் பிறகு நோட்டைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. எங்களைப் பிரித்தவை கடினமான சொற்கள் என்று நான் நினைத்திருந்தேன். உண்மையில், தெரிந்ததுபோல் தோன்றும் சொற்களே பிரித்தன. 'நியாயப்பிரமாணம்' என்று கேட்டதும் யாரும் கேள்வி கேட்கவில்லை; ஆயிரம் முறை கேட்ட சொல். திருப்பிச் சொல்லும்போது ஒருவர் அதைப் பத்துக் கட்டளைகள் என்றார், இன்னொருவர் கடவுளின் நியாயத்தீர்ப்பு என்றார், பதவிப் பிரமாணம் நினைவுக்கு வந்தவர் சத்தியம் செய்வது என்றார். பவுல் ரோமருக்கு எழுதிய கடிதத்தில் அந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். அடித்தளமே மூன்றாகப் பிரிந்த பின் மேலே கட்டுவது எப்படி ஒன்றாக நிற்கும்? பொது மொழிபெயர்ப்பில் அது 'சட்டம்' அல்லது 'திருச்சட்டம்'. மோசேயின் சட்டம் என்பதில் யாருக்கும் ஐயம் வரவில்லை.

கலாத்தியர் 5-ஆம் அதிகாரத்தில் 'மாம்சத்தின் கிரியைகள்' என்ற தொடர் வருகிறது. எங்களில் பெரும்பாலோர் அதை உடல் இச்சை, காமம் என்று மட்டுமே எடுத்துக்கொண்டோம். அதற்குக் கீழே வரும் பட்டியலில் பகை, சண்டை, பிரிவினை, பொறாமை எல்லாம் இருந்தும் அவை எங்கள் காதில் ஏறவில்லை. 'மாம்சம்' என்ற சொல் முன்கூட்டியே கதவைச் சாத்திவிட்டது. பொது மொழிபெயர்ப்பில் அந்த இடத்தில் 'ஊனியல்பு' என்று இருக்கிறது. அது யாருக்கும் தெரியாத சொல். தமிழாசிரியருக்கே அது புத்தகச் சொல்லாகத்தான் பட்டது. எளிமை என்ற அளவுகோலை வைத்தால் இங்கே புதியது தோற்றிருக்க வேண்டும். ஆனால் தெரியாத சொல் என்பதால் ஒன்பது பேரும் நின்றோம், கேட்டோம், பட்டியலை மறுபடி வாசித்து அதிலிருந்து பொருளைத் தேடினோம். சண்டையும் கட்சி கட்டுவதும் அதே பட்டியலில் இருப்பதை அன்றுதான் கண்டோம். கோயில் தேர்தல் நடந்து முடிந்திருந்த மாதம் அது. சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

அதனால், புதியது எளிமையானது என்பதற்காக நான் அதைப் பரிந்துரைக்கவில்லை. எங்களைப்போன்றவர்கள் எங்கே ஒருவரிடமிருந்து ஒருவர் விலகுகிறோம் என்பது அதில் உடனே வெளிப்பட்டுவிடுகிறது. பழையதில் அந்த விலகல் ஆண்டுக்கணக்கில் மறைந்தே கிடக்கும். எல்லோரும் ஆமென் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம்.

வாக்கிய அமைப்பும் இதில் சேர்த்தி. எபேசியர் முதல் அதிகாரத்தின் 3 முதல் 14 வரையுள்ள வசனங்கள் கிரேக்க மூலத்தில் ஒரே வாக்கியம். பழைய மொழிபெயர்ப்பு அந்த நீளத்தைக் கூடியவரை காப்பாற்றுகிறது. கண்ணால் வாசிக்கிறவர் பின்னோக்கிப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். காதால் கேட்கும் பெரியம்மாவுக்கு அந்த வசதி இல்லை. வினைமுற்று வந்து சேர்வதற்குள் எழுவாய் தொலைந்துவிடுகிறது.

இந்த வழக்கு எங்கள் வியாழக்கிழமைக்கு மிகவும் முந்தையது. ஜெர்மானிய லூத்தரன் மிஷனரி சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்து, 1715-க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டுவிட்டார். அவருக்குப் பின் வந்து வேதாகமத்தை மொழிபெயர்த்த ஃபப்ரீசியஸ் மூலத்தின் சொல்லை ஒட்டியே நடந்தார். திருநெல்வேலியில் உழைத்த ரேனியுஸ், தமிழின் போக்கில் பொருள் விளங்க வேண்டும் என்று வாதிட்டுப் புதிதாக மொழிபெயர்த்தார். லூத்தரன் சபையார் ஃபப்ரீசியஸை விடவில்லை. திருநெல்வேலிப் பக்கம் ரேனியுஸ் ஊன்றினார். இந்தப் பிளவை ஆற்றத்தான் பவரின் குழு உட்கார்ந்தது. அவர்களுக்கும் முன்னால் இருந்தது இதே கேள்விதான்: பழகிய காதுக்கா, புதிதாகக் கேட்கும் காதுக்கா?

பொது மொழிபெயர்ப்புக்கு எதிராகத் தமிழாசிரியர் வைத்த ஒரு வாதத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். ரோமர் கடிதத்தில் பழையது 'நீதிமானாக்கப்படுகிறான்' என்று சொல்லும் இடத்தில் புதியது கடவுளுக்கு 'ஏற்புடையவர்' ஆவதைப் பேசுகிறது. எங்கள் ஒன்பது பேருக்கும் அது உடனே புரிந்தது. ஆனால் நீதி என்ற வேர்ச்சொல் அங்கே கைநழுவிப் போகிறது. கடவுளின் நீதியும் மனிதன் நீதிமானாவதும் ஒரே கயிற்றின் இரு முனைகள் என்பது பழையதில் காதிலேயே கேட்கும். புதியதில் யாராவது சொன்னால்தான் தெரியும். ஐரோப்பாவின் திருச்சபை பிளந்ததே இந்தச் சொல்லின் மேல்தான். லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் இதைப் பற்றி ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட 1999 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எனவே ரோமர், கலாத்தியர் இரண்டுக்கும் இப்போது இரு புத்தகங்களையும் திறந்து வைக்கிறோம். புதியதை வாசித்துத் திருப்பிச் சொல்கிறோம், பிறகு பழையதை வாசித்து எந்தச் சொல் எதோடு கட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்கிறோம்.

எந்த மொழிபெயர்ப்பும் தீர்க்காத இடங்களும் உண்டு. 'இது என்னுடைய சரீரமாயிருக்கிறது' என்று பழையதிலும், 'இது எனது உடல்' என்று புதியதிலும் இருக்கிறது. இரண்டும் தெளிவு. ஒன்பது பேரும் ஒரே மாதிரி திருப்பிச் சொன்னோம். அப்பம் உண்மையாகவே உடலாகிறதா, நினைவுகூரும் அடையாளமா என்று கேட்டபோது மூன்று சபைகளும் மூன்று பக்கம் போய்விட்டன. 1529-இல் மார்பர்க் நகரில் சீர்திருத்தத் தலைவர்களான லூத்தரும் ஸ்விங்லியும் பதினைந்து கூறுகளில் பதினான்கில் உடன்பட்டு, கடைசிக் கூறில் இதே சொற்களின் மேல் பிரிந்தார்கள். வேதம் தெளிவானது என்று உறுதியாக நம்பிய இருவர், மூலமொழி அறிந்த இருவர். ஞானஸ்நானத்திலும் அதே நிலைதான். 'திருமுழுக்கு' என்ற புதிய சொல்லைக் கேட்டதும் தண்ணீரில் முழுக்கியே ஞானஸ்நானம் கொடுக்கும் பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்த தம்பிக்கு மகிழ்ச்சி, முழுக்கு என்றே வந்துவிட்டதே என்று. ஆனால் அந்தச் சொல்லை வழங்கும் கத்தோலிக்கர் குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்பதில் சாதாரண மக்கள் ஒன்றுபட முடியும் என்று இந்த மூன்று ஆண்டுகளுக்குப் பின் துணிந்து சொல்வேன். அதிலிருந்து என்ன செய்ய வேண்டும் என்பதில் ஒன்றுபடுவார்கள் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

நாங்கள் இதுவரை முடித்தவை நான்கு நற்செய்திகள், அப்போஸ்தலர் நடபடிகள், பவுலின் சில கடிதங்கள், சங்கீதங்களில் முப்பது. தீர்க்கதரிசன நூல்களிலும் வெளிப்படுத்தலிலும் இந்தத் திருப்பிச் சொல்லும் முறை எந்த அளவுக்கு நிற்கும் என்பது பார்த்தால்தான் தெரியும். கவிதைக்கு நான் இன்னும் பழையதையே நாடுகிறேன். அது என் காதின் பழக்கமாகவும் இருக்கலாம்.

புதிதாக ஒரு வீட்டுக் கூட்டம் தொடங்குகிறவர்கள் ஆளுக்கொரு பிரதி வாங்க வேண்டாம். பொது மொழிபெயர்ப்பில் ஒன்று, பழையதில் ஒன்று, ஒரு நோட்டு, இவை போதும். ஆளுக்கொரு புத்தகம் இருந்தால் எல்லோரும் குனிந்து வரியைத் தேடுவார்கள், கேட்க மாட்டார்கள். திருப்பிச் சொல்லும்போது வாசிக்கத் தெரியாதவரை முதலில் சொல்லச் சொல்லுங்கள். படித்தவர் முதலில் பேசிவிட்டால் மற்ற எட்டுப் பேரும் அவரையே திருப்பிச் சொல்வார்கள்.

கடந்த ஆண்டு பெரியம்மாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை. அன்று காலை 23-ஆம் சங்கீதத்தை வாசிக்கச் சொன்னார். எந்தப் புத்தகத்தில் என்று கேட்டேன். 'பழையதையே வாசி, இப்போதுதான் எனக்குப் பொருள் தெரியுமே' என்றார். ஏசாயாவை அடுத்த மாதம் தொடங்குகிறோம். நாற்பதாம் அதிகாரத்தை இரண்டிலும் வாசித்துக் காட்ட வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.