நெல்லா, நாணயமா?

பண்டமாற்றிலிருந்துதான் காசு பிறந்தது என்று படித்தோம். ஆனால் இன்றைய துருக்கியில் இருந்த லிடியாவில் கிமு 7ஆம் நூற்றாண்டில் நாணயம் அடிப்பதற்கு 1000 ஆண்டுகளுக்கும் முன்பே மெசொப்பொத்தேமியாவில் பார்லியிலும் வெள்ளி எடையிலும் கடன் எழுதினார்கள்.

இலங்கையின் வடக்கே எங்கள் வன்னியிலும் சூடடித்த களத்திலேயே கூலியை நெல்லாக அளந்தார்கள். நெல் பூச்சி அரிக்கும், தூரம் போகாது. ஆனாலும் மழை பொய்த்தால் நெல்லைக் கடனாகக் கொடுத்தவன் அடுத்த போகம் வரை பொறுப்பான், முகம் தெரிந்தவன் அல்லவா!

நாணயம் கெடாது, கடல் கடக்கும். முகம் தெரியாதவனோடும் வியாபாரம் செய்யலாம், அது பெரிய வசதிதான். வன்னியை ஆண்ட வன்னியர் ஒல்லாந்தருக்கு (டச்சுக்காரருக்கு) திறையாகக் கொடுத்த யானைகள்கூட யாழ்ப்பாணத்தில் இந்திய வணிகருக்கு விற்கப்பட்டுக் காசாயின.

சரி, எது மேல்? தூர வியாபாரத்துக்கு நாணயம். அயலுக்குள் கடன் என்றால் நான் நெல்லின் பக்கம்.