செட்டிநாட்டு வெப்பத்துக்கு எந்தப் பச்சோந்தி?

முதன்முதலாகப் பச்சோந்தி வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் நிறத்தில் மயங்கித்தான் முடிவெடுக்கிறார்கள். காரைக்குடி வட்டாரத்தில் இருக்கும் நாம், சித்திரை வைகாசியில் நம் வீட்டுக்குள் எவ்வளவு சூடு தங்குகிறது, இரவில் அது எவ்வளவு தணிகிறது என்பதை முதலில் அளந்து பார்ப்பது நல்லது.

நம் ஊர்ப் புதர்க்காட்டுப் பச்சோந்தியையே பிடித்து வளர்க்கலாமே என்று கேட்கிறவர்கள் உண்டு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம் என்பதால், அந்தப் பேச்சுக்கே இடமில்லை. பின்வரும் மூன்று அயல்நாட்டு இனங்களும் (ஜாக்சன், வெய்ல்டு, பாந்தர்) அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தப் பட்டியலில் உள்ளவை. 2024ஆம் ஆண்டு விதிகளின்படி அவற்றை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். வளர்ப்பில் பிறந்த குட்டி என்பதற்குச் சான்று தராதவரிடம் வாங்கவே கூடாது.

கென்யாவின் குளிர்ந்த மலைகளைச் சேர்ந்த ஜாக்சன் இனத்தின் ஆணுக்கு மூன்று கொம்புகள் உண்டு. பெண் முட்டையிடாமல் குட்டி போடும். பகலில் 25 பாகை செல்சியஸை ஒட்டிய வெப்பமும் அதைவிட நன்கு குளிர்ந்த இரவும் அதற்குத் தேவை. கொடைக்கானலில் இருப்பவர் யோசிக்கலாம். நமக்கு அது வேண்டாம்.

உண்மையான போட்டி வெய்ல்டுக்கும் பாந்தருக்கும்தான். மடகாஸ்கரின் ஈரமான கடலோரத் தாழ்நிலத்தில் வாழும் பாந்தர், சிவப்பும் நீலமும் பச்சையும் கலந்து, பார்த்த கண் எடுக்க முடியாத அழகு கொண்டது; குணத்திலும் சற்றுச் சாது. ஆனால் பங்குனி முதல் ஆனி வரை நம் காற்று உலர்ந்து கிடக்கும்போது, அதற்குரிய ஈரப்பதத்தைக் குறையாமல் காப்பது புதியவருக்குக் கடினமான வேலை. ஏமனிலும் அதையொட்டிய சவூதிப் பகுதியிலும் வாழும் வெய்ல்டு, வறண்ட மாதங்களையும் மழை மாதங்களையும் கண்டு பழகியது. ஈரப்பதத்தில் நேரும் சிறு பிசகைப் பாந்தரைவிட எளிதாகத் தாங்கும். தலைமேல் உயர்ந்த கொண்டை போன்ற அமைப்புடைய இதன் ஆண், வால் உட்பட அரை மீட்டரைத் தொடக்கூடும். முன்கோபம் அதிகம், கையை நீட்டினால் உடலைத் தட்டையாக்கி, வாயைத் திறந்து சீறும். கையில் எடுத்துக் கொஞ்ச ஒரு பிராணி வேண்டும் என்பவருக்குப் பச்சோந்தியே பொருந்தாது என்பதால், இந்தக் குணத்தை நான் பெரிய குறையாகக் கருதவில்லை.

இனத்தைப் போலவே பாலினமும் முக்கியம். வெய்ல்டுப் பெண், ஆணோடு சேராமலேயே முட்டை வைக்கும். ஒரு ஈட்டில் அறுபது எழுபதுகூட வரும். நண்பர் ஒருவர் வீட்டில் முட்டையிட ஈரமணல் தொட்டி வைக்காததால், அந்தப் பெண் இரண்டு நாள் கூண்டின் தரையைக் கீறிக் கீறி அலைந்து, முட்டை வெளிவராமலேயே இறந்தது. அந்த நகக் கீறல் ஓசை இன்றும் என் காதில் இருக்கிறது. வாங்கும்போது பின்னங்காலின் குதிகாலைப் பாருங்கள்: வெய்ல்டு ஆணுக்குப் பிறந்த நாள் முதலே அங்கே சிறு முள் போன்ற புடைப்பு இருக்கும்.

கண்ணாடித் தொட்டியைவிட, நான்கடி உயர வலைக்கூண்டே நம் வெக்கைக்கு ஏற்றது. அதை முற்றத்து வெயிலில் வைக்காமல், வளவுத் தாழ்வாரத்தின் நிழலில், காக்கையும் பூனையும் எட்டாதபடி வையுங்கள். வீட்டுக்குள் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் யூவிபி என்னும் புற ஊதாக் கதிர் விளக்கு எரிய வேண்டும். அந்த ஒளியும், சுவர்க்கோழிப் பூச்சிமேல் தூவும் சுண்ணாம்புச் சத்துப் பொடியும் இல்லையென்றால் எலும்பு வளைந்துவிடும். கிண்ணத்தில் வைத்த நீரை இவை பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. இலையில் தெளித்த நீர் துளியாக உருண்டு மின்னும்போதுதான் ஒரு கண்ணைத் திருப்பிப் பார்த்து, மெல்ல நகர்ந்து வந்து, தொண்டை ஏறி இறங்கக் குடிக்கும். எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் தெளிப்பானில் உப்புப் படிந்து அடைத்துக்கொள்வதால், முற்றத்தில் அண்டா வைத்துப் பிடித்த மழைநீரைத்தான் வடிகட்டி ஊற்றுகிறேன்.

ஆகவே என் தேர்வு ஆண் வெய்ல்டு. அக்கினி நட்சத்திர நாட்களில் அறையைக் குளிர்விக்க வசதி இல்லாத வீட்டில் அதையும் வாங்க வேண்டாம்.