கார்பாயில் காலி இடம்: வைனா, தண்ணீரா, கோலியா, வாயுவா?

வீட்டில் வைன் செய்யும்போது, நொதித்தல் மும்முரமாக நடக்கும்வரை பாத்திரத்தின் மேற்பகுதி காலியாக இருக்கத்தான் வேண்டும். நுரை ஏற இடம் வேண்டுமே. உள்ளிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடும் காற்றை வெளியே தள்ளிவிடும். தலைவலி அதற்கப்புறம். வாயு வருவது நின்றுவிடும். வண்டலை விட்டு வேறு கார்பாய்க்கு (குறுகிய கழுத்துள்ள பெரிய குடுவை) மாற்றும்போது ஒரு லிட்டராவது குறையும். அந்த இடத்தில் காற்று வந்து உட்காரும். ஆக்சிஜன் கிடைத்தால் வினிகர் கிருமியான அசிட்டோபாக்டர் ஆல்கஹாலை வினிகராக்கத் தொடங்கும், வெள்ளை வைன் பழுப்பேறும்.

முதலில், நொதித்தல் முடிந்ததா என்று தெரிய வேண்டும். ஏர்லாக்கில் (உள்ளிருக்கும் வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத அடைப்பு) குமிழி நின்றால் முடிந்தது என்பார்கள். நான் அதை நம்புவதில்லை. மூடி சரியாகப் பொருந்தாவிட்டாலும் குமிழி நிற்கும். அறை சூடேறினால் எப்போதோ முடிந்த வைனும் குமிழி விடும். தண்ணீரோடு ஒப்பிட்டு அடர்த்தியைக் காட்டும் மிதவையான ஹைட்ரோமீட்டர் மட்டுமே சாட்சி. இனிப்பில்லாத வைனில் அளவு 0.990 முதல் 0.996 வரை இறங்கி, இரண்டு மூன்று நாள் நகராமல் இருந்தால் முடிந்தது. 1.010-லேயே நின்றுவிட்டால் ஈஸ்ட் பாதியில் சோர்ந்திருக்கிறது. பாட்டிலில் அடைத்தால் மிச்ச சர்க்கரை மறுபடி நொதித்து, பின்னாளில் கார்க் தெறிக்கலாம்.

இனிப்பு வேண்டும் என்பவர்கள் சல்பைட் (வைன் கெடாமலிருக்கச் சேர்க்கும் பொருள்) போட்டு நடுவழியில் நிறுத்தப் பார்ப்பார்கள். வேகமாக ஓடும் ஈஸ்ட் அதற்கெல்லாம் அடங்காது. முழுக்க நொதிக்கவிட்டு, தெளிந்த பின் பொட்டாசியம் சார்பேட்டும் சல்பைட்டும் சேர்த்து, அப்புறம் சர்க்கரை போடுவதே மேல். சார்பேட் ஈஸ்ட்டைக் கொல்லாது, பெருகவிடாமல்தான் தடுக்கும். அதனால்தான் ஈஸ்ட் அடியில் தங்கித் தெளியும்வரை காத்திருக்கச் சொல்கிறேன்.

இனி காலி இடம். 23 லிட்டர் கார்பாயில் ஒரு லிட்டர் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம்.

தண்ணீர் ஊற்றுவது சுலபம், செலவில்லை. ஆனால் 13 சதவீத ஆல்கஹால் உள்ள வைன் 12.4 ஆகும், புளிப்பும் மணமும் அதே விகிதத்தில் இளைக்கும். ஒருமுறை என்றால் நாக்குக்குத் தெரியாமல் போகலாம். வண்டல் மாற்றும் ஒவ்வொரு முறையும் ஊற்றினால் நிச்சயம் தெரியும்.

அதே வகை வைனை ஊற்றுவது பழைய, நம்பகமான வழி. ஒரு லிட்டருக்குக் கடை பாட்டில் ஒன்றேகால், ஒன்றரை ஆகும். செலவு உறுத்தும், சுவை கெடாது. ஒரே நிபந்தனை, ஊற்றும் வைன் குடிக்கத் தகுந்ததாக இருக்க வேண்டும். அடுக்களையில் திறந்து கிடந்த மிச்சத்தை ஊற்றினால் வினிகர் கிருமியையே விருந்துக்குக் கூப்பிட்டது போல.

கோலிக்குண்டு போடலாமே என்பது கேட்க நன்றாக இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: கண்ணாடியின் அடர்த்தி ஏறக்குறைய 2.5. ஒரு லிட்டர் இடத்தை நிரப்ப இரண்டரை கிலோ கோலி வேண்டும்! அத்தனையையும் கழுவி, கிருமி நீக்கி, ஒவ்வொன்றாக உள்ளே இறக்கி, வைனை வடித்ததும் வண்டலோடு வெளியே எடுக்க வேண்டும். கையளவு இடத்துக்கு மட்டும் சரி.

ஆர்கான் அல்லது கார்பன் டை ஆக்சைடு செலுத்துவது, பாதி குடித்த பாட்டிலை நாலு நாள் காக்க நல்ல வழி. மாதக்கணக்கில் கிடக்கும் கார்பாய்க்கு நான் அதை நம்பமாட்டேன். கனமான வாயு போர்வை மாதிரி அப்படியே படுத்திருக்கும் என்கிறார்கள். வாயுக்கள் கலந்துவிடும், மூடியைத் திறக்கும்போதெல்லாம் காற்றும் நுழையும்.

எனக்குப் பிடித்தது சின்னப் பாத்திரங்களுக்கு மாற்றுவது. 23 லிட்டர் கார்பாய் நிரம்பாவிட்டால் 19 லிட்டர் கார்பாய் ஒன்றை நிரப்பிவிட்டு, மீதியைச் சின்னக் குடுவைகளில் கழுத்துவரை நிரப்புவேன். ஏர்லாக் நாலைந்து கூடுதலாக வாங்க வேண்டும், கழுவும் வேலையும் கூடும். ஆனால் வைனில் எதுவும் கலக்க வேண்டாம், அடுத்த மாற்றத்தின்போது பெரியதில் குறைவதைச் சின்னதிலிருந்தே ஈடுகட்டலாம். எந்தப் பாத்திரமானாலும் அடைப்பானுக்குக் கீழே இரண்டு மூன்று சென்டிமீட்டர் விடுங்கள். வெயில் நாளில் வைன் விரிந்து ஏர்லாக்குக்குள் ஏறிவிடும்.